வீட்டுச் செலவுக் காபி

1985 வரைக்கும் தேன்பாறையில் யாரும் காபி குடித்ததில்லை. விளைவித்தார்கள், குடித்ததில்லை. அவர்களைக் குடிக்க வைத்தவன் நான்தான். அதற்காக எனக்கு யாரும் மாலை போடவில்லை. போட வந்திருந்தாலும் கழுத்தை நீட்டியிருக்க மாட்டேன்.

என் பெயர் சீனுவாசன். விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் காபித்தூள் கடை வைத்திருந்தேன். முண்டியம்பாக்கத்துப் பக்கம் எங்களுக்குக் கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற நிலம் உண்டு. அதைத் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள். நான் மட்டும் காபி வாசனையில் மயங்கிப்போய், ஒரு வறுக்கும் உருளையும் அரவை மெஷினும் வாங்கிப் போட்டு, ‘சீனுவாசன் காபி’ என்று ஆளுயரத்துக்குப் பலகை எழுதி மாட்டிக்கொண்டேன். அந்தப் பலகையை நான் பார்க்கிற பார்வையைப் பார்த்து என் மனைவி கிருஷ்ணவேணிக்கே பொறாமை.

பலகைதான் என்னுடையது. உள்ளே இருந்த சரக்கு ஊருக்கெல்லாம் பொதுவானது. அப்போது சட்டம் அப்படி. எந்த மலையில் யார் விளைவித்தாலும் கொட்டை முழுவதும் அரசாங்கத்தின் பொதுக் கிடங்குக்குப் போய்விட வேண்டும். அங்கே நல்லதும் சொத்தையும் ஒன்றாய்ச் சேர்ந்து, ஏலத்துக்கு வந்து, வியாபாரிகள் கைமாறி எங்களிடம் வரும். ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுவாரம் ஈரச் சாக்கு வாடை அடிக்கும். அந்த வாடையை மறைக்கத்தான் சிக்கரி. பாதிக்குப் பாதி சிக்கரியைப் போட்டு அரைத்தால் டிகாஷன் தார் மாதிரி இறங்கும். ஜனங்களும் அதைத்தான் ஸ்ட்ராங் காபி என்று சப்புக்கொட்டிக் குடித்தார்கள்.

என் மச்சான் விருத்தாசலம், கிருஷ்ணவேணியின் அண்ணன், திண்டிவனத்தில் அதே தொழில். அவர் கடையில் சிக்கரிதான் முதலாளி, காபி விருந்தாளி. 1985 தை மாதம் அவர் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஒரே மலைக் காபி, ஒரு துளி சிக்கரி கெடயாது, அப்பிடி ஒரு சரக்கு என் கடையில விக்கத்தான் போறேன்” என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டேன்.

“எப்போ மாப்ள?” என்றார் விருத்தாசலம், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

“அடுத்த வருசம் சித்திரை ஒண்ணாந் தேதிக்குள்ள.”

“விக்கலன்னா?”

“விக்கலன்னா என் போர்டை எறக்கிட்டு உங்க போர்டை மாட்டிக்கறேன். என் கடை உங்க பிராஞ்சு.”

பந்தியே சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி மட்டும் சிரிக்கவில்லை. என் இலையில் ரசத்தை ஊற்றியபடி, “பேச்சுக்கு மட்டும் ஒண்ணும் கொறச்சல் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாசி மாதம் ஒரு நாள் மலைத்தேன் விற்கிறவர் ஒருவர் கடைக்கு வந்தார். கல்வராயன் மலையில் தேன்பாறை என்கிற ஊர், பெயர் மண்ணாங்கட்டி. எனக்குச் சமவயது இருக்கும். தேன் கலயங்கள் பஸ்ஸில் உடையாமல் இருக்கக் கூடையில் கலயங்களுக்கு நடுவே ஏதோ காய்ந்த கொட்டையை மெத்தையாக நிரப்பியிருந்தார். ஒன்றை எடுத்துப் பல்லில் உடைத்துப் பார்த்தேன். காபி. தோலோடு காய்ந்த காபிப் பழம்!

“இது ஏதுங்க?”

“தோட்டத்துல கெடக்குதுங்க. பத்து வருசத்துக்கு முந்தி கவர்மெண்டுல கன்னு குடுத்தாங்க. வருசா வருசம் லாரி வந்து ஏத்திக்கினு போவும். போன மழையில ரோடு அறுத்துக்கிச்சு, லாரி வரல. அதான் சும்மா கெடக்குதேன்னு கூடைக்குப் போட்டுக்கினு வந்தேன்.”

தேனை அப்படியே வைத்துவிட்டு, கூடையில் இருந்த கொட்டை முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். தோலை இடித்து எடுத்து, இரும்புச் சட்டியில் வறுத்து, வீட்டில் டிகாஷன் இறக்கினேன். பால் ஊற்றுவதற்கு முன்பே கிருஷ்ணவேணி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு டம்ளரைக் குடித்து முடித்தாள். இரண்டாவது டம்ளர் கேட்டாள். இருபது வருஷமாகக் காபி விற்கிறவன் நான், அன்றுதான் காபி குடித்தேன் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

பங்குனியில் மலைக்குப் போனேன். கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கச்சிராயபாளையத்துக்கு ஒரு பஸ், அப்புறம் மூங்கில் ஏற்றப் போகிற ஜீப், அதற்கப்புறம் என் கால். தேன்பாறையில் நாற்பது வீடு. வீட்டுக்கு அரைக் காணியோ ஒரு காணியோ தோட்டம். தோட்டம் என்றால் நம் ஊர்க் கரும்புத் தோட்டம் மாதிரி இல்லை. மேலே பலாவும் கடுக்காய் மரமும், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே நிழலில் காபி, ஓரத்தில் கேப்பையும் சாமையும். உரமூட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. இலை விழுகிறது, மக்குகிறது, அவ்வளவுதான். நிழல் மரத்தைக் கழித்துவிட்டு யூரியா போட்டால் இரட்டிப்பு விளையும் என்று கீழேயிருந்து ஒரு ஆபீசர் வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

“அப்புறம் பலாப்பழத்துக்கு எங்க போறது?” என்றாள் மண்ணாங்கட்டியின் மனைவி சின்னபொண்ணு. விஷயம் அதோடு முடிந்துவிட்டிருந்தது.

பழம் பறிப்பதை அவள்தான் விளக்கினாள். விரலால் தொட்டுத் திருப்பினால் தானாகக் கையோடு வருகிற பழத்தை மட்டும்தான் பறிப்பார்களாம். வராததை இழுக்க மாட்டார்கள். இழுத்தால் செடிக்கு நோகும். ஒரே செடிக்கு ஐந்து தடவை, ஆறு தடவை போவார்கள். பறித்ததைத் தரையில் காயப்போட மாட்டார்கள், தரை கோழிக்கு. மூங்கில் தட்டியில் பரப்பி, மழை வாடை அடித்தால் உள்ளே தூக்கி வைப்பார்கள். இவ்வளவு பதனமாய்ச் செய்து, கடைசியில் லாரியில் ஏற்றி, மற்றவர்கள் கிளையோடு உருவின பச்சைக் காயோடு கலக்கக் கொடுக்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. லாரி எங்கே போகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது.

“இதைக் குடிச்சுப் பாத்திருக்கீங்களா?” என்றேன்.

“நாங்க கேப்பக் கூழு குடிக்கிறவங்க. இது கசக்கும்னு சொன்னாங்க.”

என்னிடம் ஒரு யோசனை இருந்தது, ரொம்பக் கெட்டிக்காரத்தனமான யோசனை. எல்லாக் கொட்டையும் பொதுக் கிடங்குக்கு என்கிற சட்டத்திலேயே ஒரு சின்னச் சந்து இருந்தது. விளைவிக்கிறவன் தன் வீட்டுச் செலவுக்கு என்று எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். நாற்பது வீடும் எழுதிக் கொடுத்தால், சேர்த்துப் பார்க்க என் கடைக்கு ஒரு வருஷம் தாங்கும். இவர்களோ காபி குடிக்காதவர்கள். வீட்டுச் செலவு போக மிச்சம் என்றால் முழுவதும்தான் மிச்சம்.

அந்த ஊரில் எதைப் பேசினாலும் ஒரு பெரிய பலா மரத்தடியில், நட்டு வைத்த சாமிக்கல்லுக்கு முன்னால்தான் பேசுவார்கள். அங்கே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கொட்டைக்கு லாரிக்காரர்கள் கொடுப்பதைவிட நல்ல விலை கொடுப்பதாகவும் சொன்னேன்.

மண்ணாங்கட்டி தலையைச் சொறிந்தார். “வீட்டுச் செலவுக்குன்னு எழுதணும்னா, நாங்க குடிக்கணுமேங்க.”

“சும்மா எழுதறதுதாங்க. கைநாட்டு வச்சா போதும். விசாரிக்க யாராச்சும் வந்தா, ஆமா குடிக்கிறோம்னு ஒரு வார்த்த.”

“குடிக்காம எப்பிடிங்க குடிக்கிறோம்னு சொல்றது?”

அங்கே அப்படி ஒரு வழக்கம். அந்தக் கல்லுக்கு முன்னால் சொன்ன வார்த்தை நடந்ததாக இருக்க வேண்டும், இல்லை என்றால் நடத்திக் காட்ட வேண்டும். சொன்னபடி நடக்காத வீட்டுத் தட்டியில் அந்த வருஷம் காபியும் காயாது, கேப்பையும் காயாது என்று நம்பிக்கை. நான் விழுப்புரத்துக்காரன். பதிவு ஆபீஸிலிருந்து பஞ்சாயத்து வரை எத்தனை பொய்க் கையெழுத்துக்குச் சாட்சி நின்றிருக்கிறேன்! எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

“இன்னா பெரிய பேஜாரு? ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டாப் போச்சு. பொய் இல்லன்னு ஆயிடும்” என்றேன்.

“ஒரு வாய் குடிச்சிட்டு, வீட்டுச் செலவுன்னு எப்பிடிச் சொல்றது?” என்றாள் சின்னபொண்ணு. “செலவுன்னா தெனம் ஆவுறதுதானே? அந்த ஐயா வந்து பாக்குற வரைக்கும் தெனம் குடிச்சாத்தான் ஞாயம்.”

கூடியிருந்தவர்கள் அதுதான் சரி என்றார்கள். எனக்கு அவர்கள் மேல் இரக்கமே வந்தது. எனக்காக நாற்பது வீடும் கசப்பைக் குடிக்கப் போகிறதே என்று! வீட்டுச் செலவு போக மிச்சம் முழுவதும் கடைக்காரருக்கு என்று மண்ணாங்கட்டி கல்லைத் தொட்டுச் சொன்னார். நான் மனம் குளிர்ந்து கும்பிடு போட்டேன்.

அடுத்த வாரமே பில்டர், டம்ளர், வறுக்கச் சட்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். லாரி விட்டுப்போன பழைய கொட்டை வீட்டுக்கு வீடு கிடந்தது. உரலில் இடித்துத் தோலை நீக்குவது, புடைப்பது, கருக்காமல் வறுப்பது, டிகாஷன் இறக்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பால் கேட்டேன். மாடு வைத்திருக்கிறார்கள், ஆனால் கறப்பதில்லையாம். கன்றுக்குச் சுரந்தது கன்றுக்கு. சரி, வெறும் டிகாஷன்தான் என்று வெல்லம் தட்டிப் போட்டேன்.

முதல் நாள் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊரே வரிசையாக உட்கார்ந்து, வேப்பங்கொழுந்து கஷாயம் குடிப்பது போல மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது. நாலு பேர் துப்பினார்கள். ஒருவர், உங்களுக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம் என்று என்னைக் கேட்டார். மண்ணாங்கட்டி மட்டும் முகத்தைச் சுளிக்காமல் முழு டம்ளரையும் குடித்து முடித்து, “உங்க ஊருல இதைத் துட்டுக் குடுத்தா குடிக்கிறாங்க?” என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

“பழகிடுமுங்க. கொஞ்ச நாள்தானே” என்று தேற்றினேன். என் வாயால் நானே சொன்னது இது.

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. விசாரிக்க இன்ஸ்பெக்டர் பதினைந்து நாளில் வருவார் என்றார்கள். சித்திரை போயிற்று. ஆனியில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆடியில் புதியவர் வந்தார், ஜீப் வரவில்லை. புரட்டாசியில் ஜீப் வந்தது, மழை வந்துவிட்டது. நான் மாதத்துக்கு ஒரு தடவை ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். மலையில் அவர்கள் சொன்ன சொல் தவறாமல் தினமும் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார்களோ என்று கிருஷ்ணவேணியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

“பாவமா? எனக்கு அந்தக் கொட்டை ஒரு பிடி கெடைக்கல” என்றாள் அவள்.

கடைசியில் கார்த்திகையில் இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் மாசிலாமணி. லஞ்சம் என்கிற வார்த்தையைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிற ஆள். வயிற்றுப் புண் காரணமாக வெந்நீரைத் தவிர எதுவும் குடிக்க மாட்டார். இப்படிப்பட்டவரிடமா என் கதையை அவிழ்ப்பது என்று பயந்துகொண்டே கூடவே ஏறினேன்.

அவர் ஒரு வீடு விடவில்லை. அடுப்பைப் பார்த்தார், உரலை முகர்ந்தார், டம்ளரின் அடியில் படிந்த கறையை நகத்தால் சுரண்டினார். வாய் திறந்தால் திக்குகிற கிழவர்கள்கூடக் கணக்காகச் சொன்னார்கள், காலையில் ஒன்று, தோட்டத்துக்குப் போகுமுன் ஒன்று, வெயில் தாழ ஒன்று. தேன்பாறைக்காரர்கள் வறுப்பை என்னைவிட ஒரு படி இளம் பதத்தில் நிறுத்தியிருந்தார்கள். வெல்லத்துக்குப் பதில் துளி தேன். அந்த வாசனை ஊர் எல்லையிலேயே எங்களை எதிர்கொண்டது. எப்பேர்ப்பட்ட நடிப்பு என்று நான் பூரித்துப்போனேன்.

பலா மரத்தடியில் மாசிலாமணி கேட்டார். “இந்தக் கொட்டை யாருக்கு?”

“எங்களுக்குங்க. குடிக்கிறோம்” என்றார் மண்ணாங்கட்டி.

“விக்கிறதுக்கு இல்லையே?”

“மிச்சமானாத்தானேங்க.”

மாசிலாமணி வெந்நீர் குடித்துவிட்டு எழுதினார். இத்தனை வருஷ சர்வீஸில் விளைவிக்கிறவர்களே இப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை, கேட்டிருக்கிற அளவு இவர்களுக்குப் போதாது, மூன்று மடங்காக்கலாம் என்று பரிந்துரை செய்தார். கீழே இறங்குகிற வழியில் நான் தனியாக நின்று சிரித்தேன். மூன்று மடங்கு! விருத்தாசலத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலமே திண்டிவனத்துக்கு போன் போட்டு, போர்டு எழுதச் சொல்லிவைத்த உங்கள் பெயின்டரை வேறு வேலைக்கு அனுப்புங்கள் என்று சொன்னேன். ‘கல்வராயன் மலைக் காபி, கலப்பில்லாதது’ என்று ஆயிரம் பைகள் அச்சடிக்கக் கொடுத்தேன்.

பங்குனிக் கடைசியில், சித்திரைக்கு நாலு நாள் இருக்கும்போது, வெறும் சாக்குகளை மடித்துக் கட்டிக்கொண்டு மலை ஏறினேன். லாரி அந்த வருஷம் ஒழுங்காக வந்து தன் பங்கை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வீட்டுச் செலவுக் கொட்டை வீட்டுக்கு வீடு குதிரில் இருந்தது. நான் சாக்கைப் பிரித்தேன்.

“மிச்சம் இல்லீங்களே” என்றார் மண்ணாங்கட்டி.

“குதிரு நெறய இருக்குதே!”

“அது அடுத்த காய்ப்பு வரைக்கும் ஓடணுங்களே. தெனம் மூணு வேள. விருந்தாளி வந்தா தனி.”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. “இன்ஸ்பெக்டர்தான் பாத்துட்டுப் போயிட்டாரே! இனிமே எதுக்குங்க குடிக்கறீங்க?” என்று கத்தினேன்.

“நல்லா இருக்குதுங்களே” என்றாள் சின்னபொண்ணு.

இரட்டிப்பு விலை தருகிறேன் என்றேன். மூன்று மடங்கு என்றேன். துட்டு லாரிச் சரக்கில் வருகிறது, போதும் என்றார்கள். என் பலகையைப் பற்றிச் சொன்னேன், மச்சானைப் பற்றிச் சொன்னேன், அச்சடித்த பைகளைப் பற்றிச் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்கள். ஒரு கிழவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். ஆனால் ‘எங்களுக்கு’ என்று கல்லுக்கு முன்னால் சொன்னது சொன்னதுதான் என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“உலகத்துல யாருங்க வெளஞ்சதுல நல்லதைத் தங்களுக்குன்னு வச்சுக்கறாங்க?” என்றேன். “எங்க வீட்டையே எடுத்துக்குங்க. நல்ல மல்லாட்டையெல்லாம் கமிட்டி ஏலத்துக்குப் போவும். சூம்பினதுதான் நாங்க வறுத்துத் தின்றது. எங்க தாத்தா காலத்துலேருந்து அப்பிடித்தான்.”

சின்னபொண்ணு கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “ஏங்க, அப்பிடித் தின்னணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?”

அவள் என்னைக் குத்திப் பேசவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாற்பது வீட்டு ஜனமும் என் பதிலுக்காகக் காத்திருந்தது. நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். கோபத்தில் வேண்டாம் என்று தள்ளினேன். வாசனை விடவில்லை. குடித்தேன். இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர்களே ஊற்றினார்கள். எடுத்துப் போகத்தான் இல்லை, வந்து குடிக்க எப்போது வேண்டுமானாலும் வரலாம், நான் விருந்தாளி என்று மண்ணாங்கட்டி சொல்லி அனுப்பினார்.

சித்திரை ஒன்று காலையில் விருத்தாசலம் திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். பெயின்டரையும் ஏணியையும் கூடவே கூட்டி வந்திருந்தார். மனிதர் ஜெயித்த மிதப்பில் இல்லை. அவருக்கும் அந்தக் காபியைக் குடித்துப் பார்க்க ஆசைதான் என்று எனக்குத் தெரியும்.

“எங்க மாப்ள மூட்டை? இன்னா ஆச்சு, இன்ஸ்பெக்டர் புடிச்சிக்கினாரா?”

“இல்ல மச்சான்.”

“மழையில போச்சா? பூச்சி அடிச்சிடுச்சா?”

“இல்ல. குடிச்சிட்டாங்க.”

“யாரு?”

“வெளைய வச்சவங்க.”

விருத்தாசலம் என் முகத்தையே பார்த்தார். முப்பது வருஷம் வியாபாரத்தில் ஊறினவர், இப்படி ஒரு நஷ்டத்தைக் கேள்விப்பட்டதில்லை. சிரிப்பு வரவில்லை அவருக்கு. கொஞ்சம் பயந்த மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“வெளைய வச்சவனே குடிக்க ஆரம்பிச்சிட்டா, அப்புறம் நாம எல்லாம் எதுக்கு மாப்ள?”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பெயின்டரை மேலே ஏறச் சொன்னேன்.